பழைய கணினியும் புதிய நினைவும்

ஒரு பொருள் பழையதாகிவிட்டது என்று தீர்ப்புக் கூறும் உரிமை யாருக்கு உண்டு? மண்வெட்டியின் அலகு தேய்ந்து போனால், அது இனி உதவாது என்பதைக் கமக்காரன் தானே கண்டுகொள்கிறான். தையற்பொறியின் சில்லு இறுகினால், அதனை மிதிக்கும் பெண்ணின் காலே அதை முதலில் அறிகிறது. பொருளோடு உழைப்பவரே பொருளின் ஆயுளையும் அளந்து வந்தனர். ஆனால் இன்று எமது மேசைகளில் இருக்கும் கணினியின் ஆயுளை அளப்பவர் அதன் முன்னால் அமர்ந்திருப்பவர் அல்லர். பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், நாம் ஒருபோதும் காணாத அலுவலகம் ஒன்றில், ஒரு திகதி குறிக்கப்படுகிறது. நேற்றுவரை இயங்கிய பொறி அத்திகதியோடு கிழப்பொறி என்று பெயர் பெறுகிறது. அதன் உறுப்பு ஒன்றும் தேயவில்லை. ஆணி ஒன்றும் கழரவில்லை. ஆயினும் அது பழையது.

பழைய மேசைக் கணினி ஒன்றின் நினைவகத்தைக் கூட்டுவது பார்வைக்குச் சின்னஞ்சிறு காரியம். ஒரு சாண் நீளமும் இல்லாத தகட்டைக் கழற்றி வேறொன்றைச் செருகும் வேலை. அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். இதைப்பற்றி எழுதவும் வேண்டுமா என்று அன்பர் சிலர் வினவலாம். சிறு காரியத்தின் நுனியைப் பற்றி இழுத்தாற் பெரிய சங்கிலிகள் வெளிவருவதுண்டு. எமது ஊர் வாசிகசாலைக் கணினியை முன்னிட்டு நாம் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதப் புகுவதன் காரணம் அதுவே.

அக்கணினி 2011 ஆம் ஆண்டு வார்ப்பு. புலம்பெயர்ந்து வாழும் ஊரவர் ஒருவரின் அன்பளிப்பாகச் சனசமூக நிலையத்துக்கு வந்து, பத்திரிகை மேசைக்கும் புத்தக அலுமாரிக்கும் இடையில் இடம் பிடித்துக்கொண்டது. வீட்டிற் கணினி உள்ள பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டன்று. இல்லாத பிள்ளைகளுக்கோ அதுவே வாசல். உயர்தரப் பரீட்சையின் பெறுபேற்றைப் பார்த்து, பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தை நிரப்புவது அதிலேதான். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று அரிது என்பது மெய்யே. ஆனால் கண்ணாடி வெடித்த கைத்தொலைபேசியில் நீண்ட விண்ணப்பப் படிவத்தைப் பிழையின்றி நிரப்பிப் பார்த்தவர்கள் அதன் அருமையை அறிவார்கள். மாலை வகுப்பு நடத்தும் தொண்டர் ஆசிரியர்கள் வினாத்தாள் தட்டச்சுச் செய்வதும், கடற்றொழிலாளர் சங்கத்தார் கச்சேரிக்குக் கடிதம் எழுதுவதும் அதிலேயே. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் எமது பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் ஒளிப்படப் பக்கங்களாக்கிச் சேமித்து வைத்திருக்கிறது. அச்சில் இல்லாத சஞ்சிகை ஒன்றின் அரை நூற்றாண்டுக்கு முந்திய இதழை, ஒரு கிராமத்து மாணவி பக்கம் பக்கமாகப் புரட்டிக் குறிப்பெடுப்பதை நாம் பல மாலைகளிற் கண்டிருக்கிறோம்.

இத்தகைய கணினி சில காலமாகத் தள்ளாடத் தொடங்கியது. ஆளியை அழுத்திவிட்டுப் பத்திரிகையின் ஆசிரியத் தலையங்கத்தை வாசித்து முடிக்கலாம். திரை அப்பொழுதுதான் ஒளி பெறும். விண்ணப்பப் படிவத்தைத் திறந்துவைத்து, அதற்கு வேண்டிய சான்றிதழின் படத்தையும் திறந்தால், இரண்டும் அசையாமல் நின்றுவிடும். உள்ளே வன்தட்டு மட்டும் அரிசி புடைப்பது போன்ற ஓசையோடு ஓயாது உழைக்கும். விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கிய நாட்களில் மூன்று பிள்ளைகள் வரிசையில் நிற்க, நான்காமவள் உறைந்துபோன திரையைப் பார்த்தபடி இருப்பாள். தாமதம் என்பது எல்லார்க்கும் ஒரே பொருளுடையதன்று. வசதி படைத்தவருக்கு அது சலிப்பு. மாலை ஆறு மணிக்கு முன் வீடு திரும்பவேண்டிய பெண்பிள்ளைக்கு அது ஒரு வருடம்.

நோய் எது என்று காண்பது கடினமாக இருக்கவில்லை. எந்தெந்த வேலை எவ்வளவு நினைவகத்தைக் கொள்கிறது என்ற கணக்கைக் கணினியே காட்டும். நாம் எதையும் திறக்குமுன்னரே அதன் நினைவகத்திற் பெரும்பகுதி நிரம்பியிருந்தது. அதில் இருந்தது 2 கிகாபைற்று மாத்திரமே. அது வாங்கப்பட்ட காலத்தில் அவ்வளவு போதுமானதாக இருந்தது. பின்னர் வந்த பணிசெயல் முறைமைகளும் வலை மேலோடிகளும் ஆண்டுதோறும் பருத்தன. இணையப் பக்கங்கள் எழுத்துக்களோடு நில்லாமல் படங்களையும் விளம்பரங்களையும் வாசகரை வேவு பார்க்கும் நிரல்களையும் சுமந்து வரலாயின. பொறி மெலியவில்லை; அதன்மேல் ஏற்றப்பட்ட மூட்டை கனத்தது.

நினைவகம் என்ற சொல் சற்று மயக்கம் தருவது. நாம் எழுதிச் சேமித்தவை யாவும் அங்கே இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அவை இருப்பது வன்தட்டில். வாசிகசாலையையே உவமையாகக் கொள்வோம். அலுமாரி என்பது வன்தட்டு. நடுவில் உள்ள மேசை நினைவகம். மேசையில் விரித்தவற்றையே வாசிக்கலாம். மேசை சிறிதாயின், மூன்றாவது பத்திரிகையை விரிக்க முதலாவதை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு வரவேண்டும். முதலாவது மீண்டும் தேவைப்பட்டால் மறுபடியும் ஒரு நடை. கணினியும் இதனையே செய்கிறது. நினைவகம் நிரம்பியதும் உடனடித் தேவையற்றவற்றை வன்தட்டுக்கு அனுப்பி, வேண்டும்போது திரும்ப அழைக்கிறது. நினைவகத்தில் உள்ளதை எடுப்பதற்கும் சுழலும் வன்தட்டில் உள்ளதைத் தேடி எடுப்பதற்கும் இடையே உள்ள கால வேறுபாடு ஏறத்தாழ நூறாயிரம் மடங்கு. நாம் கேட்ட அரிசி புடைக்கும் ஓசை அந்த நடையின் ஓசையே. வாசகர் சோம்பேறி அல்லர், மேசை சிறிது.

இந்த மேசையின் அமைப்பு வியப்புக்குரியது. ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய ரொபேட் டெனாட் என்ற பொறியியலாளர், ஒரேயொரு திரான்சிற்றரையும் ஒரேயொரு கொள்ளளவியையும் கொண்டு ஒரு பிற்றுத் தகவலை இருத்திவைக்கும் வழியைக் கண்டார். 1968 இல் அதற்குரிய ஆக்கவுரிமை அவருக்கு வழங்கப்பட்டது. கொள்ளளவியில் மின்னேற்றம் இருந்தால் ஒன்று, இல்லையேற் பூச்சியம். ஆனால் அக்கொள்ளளவி ஓட்டைக் குடம் போன்றது; அதிலுள்ள ஏற்றம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லிசெக்கனுக்குள் ஒரு முறை, அதாவது ஒரு செக்கனிற் பதினைந்து தடவைக்குக் குறையாமல், ஒவ்வொரு கலமும் வாசிக்கப்பட்டு மீண்டும் நிரப்பப்படுகிறது. மின் நின்றால் யாவும் அழிந்துவிடும். 4 கிகாபைற்றுத் தகடு ஒன்றில் இத்தகைய கலங்கள் 3,400 கோடிக்கு மேல் உள்ளன. இடைவிடாத பராமரிப்பினாலேயே அங்கு நினைவு நிலைக்கிறது. 2024 இல் டெனாட் காலமானார். கணினியின் முன் அமர்பவர்களுள் எத்தனைபேர் அவர் பெயரை அறிவர்? விற்பவரின் பெயர் பொறியின் நெற்றியிற் பொறிக்கப்படுகிறது. கண்டவரின் பெயரும் செய்தவரின் பெயரும் உள்ளேகூடக் காணப்படுவதில்லை.

நகரத்துக் கணினிக் கடை ஒன்றில் விசாரித்தோம். கடையில் நின்ற இளைஞர் மரியாதையானவர். எமது கணினியின் விபரத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சேர், உது பழசு. உதுக்குக் காசு செலவழிக்கிறது வீண். புதுசு ஒண்டு எடுங்கோ. தவணை முறையிலயும் தரலாம்."

"தம்பி, ஓடுற கணினியை ஏன் எறியவேணும்? இடம் காணாது எண்டுதானே சொல்லுது?"

"ஓடும் சேர். ஆனா உதுக்கு இனிப் புதுப் பதிப்பு வராது. கொம்பனியே கைவிட்டிட்டுது."

அவர் கூறியது பொய்யன்று. எமது கணினியில் நிறுவப்பட்டிருந்தது விண்டோஸ் 10. அதற்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ற் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியோடு பொதுவாக நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11 ஓ, 4 கிகாபைற்று நினைவகத்தோடு குறித்ததொரு பாதுகாப்புச் சில்லையும், ஏறத்தாழ 2018 க்குப் பிந்திய முறைவழியாக்கியையும் வேண்டுகிறது. எனவே நினைவகத்தை எவ்வளவு கூட்டினாலும் எமது கணினி அந்த வாசலுக்குள் முறைப்படி நுழைய முடியாது. இத்தகைய நிலையில் இருந்த கணினிகள் உலகெங்கும் கோடிக்கணக்கானவை. அவற்றின் உரிமையாளர் அனைவரும் ஒரே நாளிலே புதிய வாடிக்கையாளர் ஆக்கப்பட்டனர். சந்தையின் தேவைக்கேற்பப் பொருள் ஆக்கப்படுகிறது என்று பொருளியற் பாடப்புத்தகம் கூறும். இங்கே பொருளுக்கேற்பத் தேவை ஆக்கப்படுவதை நாம் கண்டோம்.

சனசமூக நிலையத்தின் நிர்வாகக் குழுவில் இதுபற்றி நடந்த விவாதம் குறிப்பிடத்தக்கது. ஒரு சாரார் புலம்பெயர்ந்தவர்களுக்கு எழுதிப் புதிய கணினி ஒன்றைப் பெறலாம் என்றனர். மற்றொரு சாரார் உள்ளதைத் திருத்தலாம் என்றனர். ஓய்வுபெற்ற ஆசிரியரும் பழைய தொழிற்சங்கவாதியுமாகிய ஒருவர் இரண்டையும் மறுத்தார். "நீங்கள் ஒட்டுப்போட ஒட்டுப்போட அரசாங்கம் தன் கடமையிலிருந்து தப்பிக்கொள்கிறது. ஏழையின் கெட்டித்தனத்தைப் புகழ்வது ஏழ்மையை நியாயப்படுத்துவதாகும். அன்பளிப்புக்கு எழுதுவதும் அதுவே. பிள்ளைகளுக்குக் கணினி வேண்டும் என்பது உரிமைக் கோரிக்கை, அதைத் திருகாணியைக் கொண்டு தீர்க்கப் பார்க்கிறீர்கள்" என்பது அவர் வாதம். அவருடைய கூற்றை எளிதில் ஒதுக்க எம்மால் இயலவில்லை. அதற்குரிய விடையைப் பின்னர் கூறுவோம். ஆனால் விண்ணப்ப முடிவுத் திகதி எமது விவாதம் முடியும்வரை காத்திராது. எனவே முதலில் திருத்துவது என்று குழு தீர்மானித்தது.

தீர்மானம் எளிது, பொருத்தமான தகட்டைத் தெரிவதற்குச் சிறிது கல்வி வேண்டும். நினைவகத் தகடுகள் தலைமுறை தலைமுறையாக வந்தவை. எமது கணினிக்கு உரியது மூன்றாம் தலைமுறையாகிய டீ.டீ.ஆர். 3, அதற்கான நியமம் 2007 இல் வெளியிடப்பட்டது. அதற்கு முந்திய இரண்டாம் தலைமுறைத் தகட்டிலும் இதைப் போலவே 240 தொடுமுனைகள் உண்டு. ஆனால் விளிம்பிலுள்ள வெட்டு வேறிடத்தில் இருக்கும். நான்காம் தலைமுறையில் தொடுமுனைகள் 288. ஒன்றுக்குரிய இடத்தில் மற்றொன்று இறங்காது. வேண்டும் மின்னழுத்தமும் வேறு: இரண்டாவதற்கு 1.8 வோற்று, மூன்றாவதற்கு 1.5, நான்காவதற்கு 1.2. அடுத்தபடியாக, தாய்ப்பலகை எவ்வளவு நினைவகத்தை ஏற்கும் என்பதையும் அறிதல் வேண்டும். எமது பலகையில் இரண்டு சுலொட்டுகள். இரண்டிலுமாகப் 16 கிகாபைற்று வரை ஏற்கும் என்று அதன் கைந்நூல் கூறியது. ஒன்றில் மட்டும் 2 கிகாபைற்றுத் தகடு இருந்தது. மற்றது இத்தனை ஆண்டுகளும் வெறுமையாகவே கிடந்தது.

4 கிகாபைற்றுத் தகடுகள் இரண்டை இணையாக இடுவது என்று முடிவு செய்தோம். ஒரே அளவும் ஒரே வேகமும் உடைய இரு தகடுகளைச் சோடியாக இட்டால், முறைவழியாக்கி இரண்டு பாதைகளாலும் ஒருங்கே தரவைப் பெறும். பழைய கணினிகளை உடைத்து உறுப்பு விற்கும் வேறொரு கடையில் அவை கிடைத்தன. இரண்டுக்குமான செலவு புதிய கணினி ஒன்றின் விலையிற் பத்தில் ஒன்றுகூட ஆகவில்லை. வாசிகசாலைச் சந்தாப் பணமே போதியதாயிற்று. யாரிடமும் கையேந்த வேண்டி இருக்கவில்லை என்பதை இவ்விடத்திற் குறிப்பிடல் தகும்.

வேலையை மாணவரே செய்தனர். உயர்தர வகுப்பு மாணவியர் இருவரும் மாணவர் ஒருவரும் மின்வடத்தைக் கழற்றி, ஆளியை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்னை வடித்து, பக்கத் தகட்டின் ஆணிகளைத் திருகி எடுத்தனர். உள்ளே பதினான்கு ஆண்டுத் தூசு பஞ்சுபோற் படிந்திருந்தது. எமது உடலில் நாம் அறியாமலே சேரும் நிலைமின் ஒரு நொடியிற் சில்லுகளை எரித்துவிடக்கூடும். ஆதலின் பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டுக்கொண்ட பின்னரே கை வைத்தனர். சுலொட்டின் இரு முனைக் கொளுவிகளையும் வெளியே தள்ளியதும் பழைய தகடு எழுந்து வந்தது. புதியதன் வெட்டைச் சுலொட்டின் மேட்டோடு பொருத்தி, இரு பெருவிரல்களாலும் நேரே அழுத்தினர். கொளுவிகள் தாமாகவே "டக்" என்று மூடிக்கொண்டன. அந்த ஓசையைக் கேட்ட மாணவியின் முகத்தைப் பார்த்தபோது எமக்கு ஒன்று விளங்கிற்று. அதுவரை கணினி என்பது அவள் முன்னால் கைகட்டி நிற்கவேண்டிய மூடிய பெட்டியாக இருந்தது. இப்பொழுது அது பகுதிகளால் ஆனதொரு பொருள், மனிதர் செய்தது, மனிதர் கழற்றிப் பூட்டக் கூடியது.

ஆளியை அழுத்தியபோது 8 கிகாபைற்று என்று திரையில் எழுதிற்று. நினைவகத்தைச் சோதிக்கும் நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டோம். பிழை ஒன்றும் இல்லை. இதனோடு காரியம் முடியவில்லை. அதில் இருந்த பணிசெயல் முறைமை 32 பிற்று வகையைச் சேர்ந்தது. முப்பத்திரண்டு இலக்கங்களால் எழுதக்கூடிய முகவரிகள் 429 கோடியே 49 இலட்சத்துக்குச் சற்று மேல். அதாவது 4 கிகாபைற்றுக்கு அப்பால் அதற்கு ஊர் இல்லை. எஞ்சிய நினைவகம் வீதி இலக்கம் இல்லாத வீடுபோலக் கிடக்கும். எனவே 64 பிற்று முறைமை ஒன்றை நிறுவவேண்டி இருந்தது. அவ்விடத்திலேதான் நாம் கொம்பனியின் திகதியையும் கடந்தோம். 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வளர்த்த லினக்ஸை நிறுவினோம். அதன் மூலநிரல் யாருக்கும் திறந்தது. அதற்கு விலை இல்லை. தமிழ் எழுத்தும் விசைப்பலகையும் அதில் உண்டு. பழைய பொறிகளுக்கென்றே இலேசாக ஆக்கப்பட்ட பதிப்புகளும் உண்டு.

பலன் யாது? படிவமும் சான்றிதழும் சஞ்சிகையும் ஒருங்கே திறந்திருக்கின்றன. வன்தட்டின் ஓசை அடங்கிவிட்டது. அதிசயம் நிகழ்ந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. முறைவழியாக்கி அதே பழையதுதான். கனமான ஒளிப்படத் தொகுப்பு வேலைகளுக்கு அது மூச்சுவாங்கும். வன்தட்டுக்கும் ஒரு நாள் முடிவு வரும். நினைவகம் போதாமை என்ற நோய்க்கே நினைவகம் மருந்து. எல்லா நோய்க்கும் அன்று. இதனை அறிந்து செலவிடுவதே சிக்கனம். அறியாது செலவிடுவது மற்றொரு வகை ஊதாரித்தனம். கழற்றிய 2 கிகாபைற்றுத் தகட்டை அயற்கிராமத்து வாசிகசாலைக்கு அனுப்பினோம். அங்கிருந்த கணினிக்கு அது பொருந்திற்று.

இனிச் சங்கிலியின் மறுமுனையைப் பார்ப்போம்.

கணினிக்கு நினைவு தந்தவை எப்பொழுதும் உழைக்கும் கைகளே. குறைகடத்தி நினைவகம் வருமுன்னர், சின்னஞ்சிறு காந்த வளையங்களினூடே கம்பியைக் கோத்து நினைவகம் ஆக்கினர். 1969 இல் சந்திரனுக்குச் சென்ற அப்பலோ கலத்தின் கணினிக்குரிய நிலையான நினைவகம், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் உள்ள வோல்தம் நகரத் தொழிற்சாலையிலே பெண் தொழிலாளரால் கம்பி கம்பியாக இழைக்கப்பட்டது. அக்கணினியின் எழுதி அழிக்கத்தக்க நினைவகம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 4 கிலோபைற்று. எமது வாசிகசாலைக் கணினி இன்று அதனிலும் இருபது இலட்சம் மடங்கு கொண்டது. சந்திரனில் நடந்தவர்களின் பெயரை எமது நாலாம் வகுப்புப் பிள்ளைகளும் அறிவர். இழைத்த பெண்களின் பெயர் எப்பாடப்புத்தகத்திலும் இல்லை.

அந்த வரலாறு முடிந்துவிடவில்லை. தென்கொரியாவின் கிஹுங்கில் உள்ள சாம்சுங் குறைகடத்தி ஆலையில், பாடசாலைப் படிப்பு முடிந்ததும் வேலைக்குச் சேர்ந்தவர் ஹுவாங் யூ-மி என்ற இளம்பெண். இரசாயனங்களிற் சில்லுத் தட்டுகளைத் தோய்த்தெடுப்பது அவர் தொழில். இரத்தப் புற்றுநோய்க்கு ஆளாகி 2007 இல், இருபத்திரண்டு வயதில், அவர் இறந்தார். வாடகைக் கார்ச் சாரதியாகிய தந்தை, மகளின் மரணத்துக்குத் தொழிலே காரணம் என்று வழக்காடினார். ஏனைய தொழிலாளரும் குடும்பத்தினரும் அவரோடு சேர்ந்து இயக்கமாயினர். பதினொரு ஆண்டுப் போராட்டத்தின் பின், 2018 நவம்பரில் நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரி நட்டஈட்டுக்கு உடன்பட்டது. நாம் விரலாற் பிடித்துச் செருகிய தகடு எவ்வளவு இலேசானது! அதன் உண்மையான பாரம் தராசுக்குத் தெரியாது.

விற்பனையின் வரலாறும் அறியத்தக்கது. ஒரு காலத்தில் நினைவகம் செய்த நிறுவனங்கள் பல. அச்சந்தையில் முன்னோடியாக இருந்த இன்ரெல் நிறுவனம் 1985 இல் அதிலிருந்து விலகியது. பின்னர் ஒவ்வொன்றாகப் பிறவும் விழுந்தன, விழுங்கப்பட்டன. இன்று சாம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்றுமே உலக நினைவகச் சந்தையின் மிகப் பெரும்பகுதியைக் கையில் வைத்திருக்கின்றன. போட்டி விலையைக் குறைக்கும் என்பது முதலாளித்துவம் தன்னைப்பற்றிக் கூறும் புகழுரை. ஆனால் போட்டியாளர் ஒன்றுகூடி விலையை நிர்ணயித்த குற்றத்தை 2005 இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு சாம்சுங் 30 கோடி டொலரும், ஹைனிக்ஸ் 18.5 கோடி டொலரும் தண்டம் செலுத்த நேர்ந்தது. 2010 இல் ஐரோப்பிய ஆணையம் இதே குற்றத்துக்காக நிறுவனங்கள் பலவற்றின்மீது 33.1 கோடி யூரோ தண்டம் விதித்தது. போட்டியின் முதிர்ச்சி ஏகபோகம் என்று பழைய ஆசான்கள் எழுதியதை இதனிலும் தெளிவாக விளக்கும் பாடம் வேண்டுமா?

அண்மைக் காலத்திற் செயற்கை நுண்ணறிவுக்கான மாபெரும் தரவு நிலையங்கள் நினைவகத்தை விழுங்கத் தொடங்கின. அவற்றுக்கு விற்பதில் இலாபம் மிகுதியாதலால் ஆலைகள் தம் உற்பத்தியை அப்பக்கம் திருப்பின. 2025 இன் பிற்பகுதியில் நினைவக விலைகள் மளமளவென உயர்ந்தன. சாதாரண மக்களுக்கு நினைவகம் விற்றுவந்த தனது குறூசல் வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரோன் 2025 டிசெம்பரில் அறிவித்தது. பெருந்தனம் படைத்தவரின் இயந்திரங்கள் சிந்திக்கவேண்டும் என்பதற்காக, கிராமத்துப் பிள்ளையின் இயந்திரம் மறக்கவேண்டி இருக்கிறது. நீர்ப்பாய்ச்சலில் மேட்டுக்காணிக்காரன் மடையை அடைத்தாற் கடைக்காணி காய்வதை எமது கமக்காரர் அறிவர். சிலிக்கன் வயலிலும் நிகழ்வது அதுவே.

மறுபுறத்தில் குப்பை. 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 6 கோடி 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு உண்டானதென ஐக்கிய நாடுகளின் அறிக்கை கணித்தது. முறையாகச் சேகரிக்கப்பட்டு மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதிற் காற்பங்குகூட இல்லை. நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு ஒட்டிவிடும் வழக்கமும் மடிக்கணினிகளிற் பரவிவிட்டது. ஒட்டிய நினைவகத்தை உரியவர் மாற்ற இயலாது. ஆகவே முழுப்பொறியையும் மாற்றுவார். எமது பழைய கணினியில் வெறுமையாகக் கிடந்த அந்த ஒரு சுலொட்டின் பெருமையை நாம் அப்பொழுதே உணர்ந்தோம். அது வாங்கியவருக்கென விடப்பட்ட வாசல்.

இப்பொழுது ஓய்வுபெற்ற ஆசிரியரின் வாதத்துக்கு வருவோம். திருத்திப் பிழைப்பதில் எமது மண் பெயர் பெற்றது. 1990 களிற் பொருளாதாரத் தடையின்கீழ், மின்சாரமும் மின்கலமும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். மோட்டார் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அது எமது திறமை. அதிலே பெருமை கொள்வதிற் தவறில்லை. ஆனால் அது எமது தெரிவன்று. தடையை விதித்தவர் எமது கெட்டித்தனத்தைப் புகழ்வாராயின் அப்புகழை ஏற்கலாமா? 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்து, தாள் இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளிற் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. பிள்ளைகள் பழைய கொப்பிகளின் வெற்றுப் பக்கங்களைத் தைத்து எழுதினர் என்றால், அது பிள்ளைகளுக்குப் புகழ், ஆட்சிக்கு இகழ். 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, புத்தகமும் பலகையும் கல்வியின் கருவியாயிருந்த காலத்தில் எழுந்தது. இன்று கருவிகளுள் கணினியும் ஒன்று. கருவி இலவசமாகாத இடத்திற் கல்வி இலவசம் என்பது பாதி உண்மையே. 2020 இலும் 2021 இலும் பாடசாலைகள் மூடப்பட்டு இணையவழி வகுப்புகள் நடந்தபோது, அந்தப் பாதி உண்மையின் மறுபாதியை நாடு முழுவதும் கண்டது. இவ்வளவில் ஆசிரியர் கூறியது முற்றிலும் சரி.

ஆயினும் திருத்துவது ஒன்று, திருப்தி கொள்வது மற்றொன்று. பட்டினி கிடப்பவனுக்குச் சோறு கொடுத்தால் நிலச் சீர்திருத்தக் கோரிக்கை பின்தங்கிவிடும் என்று நாம் கூறுவதில்லை. பொறியைத் திறக்கத் தெரிந்த மாணவி, தனக்கு எது இல்லை என்பதையும், அது ஏன் இல்லை என்பதையும், அதை யார் தரவேண்டும் என்பதையும் திட்டவட்டமாகக் கூறவல்லவள் ஆகிறாள். "கணினி தாருங்கள்" என்ற மன்றாட்டம் அலுவலகக் கோப்பில் உறங்கிவிடும். "எமது பாடசாலையிற் பதினெட்டுக் கணினிகள் உள்ளன, ஒன்பதுக்கு நினைவகம் போதாது, இன்ன தகடு வேண்டும், நான்கு இனித் திருந்தா, அவற்றுக்குப் பதில் வேண்டும்" என்று எழுதப்பட்ட கோரிக்கையை உறங்கச் செய்வது அவ்வளவு எளிதன்று. அறியாமை கொம்பனிக்கும் உதவும். கடமை தவறும் அதிகாரிக்கும் உதவும். அறிவு இருவரையும் கேள்வி கேட்கும். ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் இவ்வாறு கூறியபோது அவர் முழுமையாக இணங்கினார் என்று சொல்லமுடியாது. ஆனால் கணக்கெடுப்புக்கான படிவத்தை வரைந்து தந்தவர் அவரே.

இக்கட்டுரையை வாசிக்கும் ஆசிரிய அன்பர்களிடமும் மாணவர்களிடமும் நாம் வேண்டுவது அதிகம் அன்று. உங்கள் பாடசாலையிலோ வாசிகசாலையிலோ துணியால் மூடப்பட்டு மூலையிற் கிடக்கும் கணினியைக் குப்பைக்கு அனுப்புமுன் அதன் பக்கத் தகட்டைத் திறவுங்கள். எத்தனை சுலொட்டுகள், எந்தத் தலைமுறைத் தகடு, எவ்வளவு நினைவகம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவ்வேலையைப் பிள்ளைகளின் கையிற் கொடுங்கள். பெண்பிள்ளைகளின் கையில் முதலிற் கொடுங்கள். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு இரண்டு பட்டியல்களோடு செல்லுங்கள்: ஒன்று, நாம் திருத்தக்கூடியவை; மற்றது, அரசு தரவேண்டியவை. முதலாவது பட்டியலைக் காட்டி இரண்டாவதைச் சுருக்க எவரையும் அனுமதியாதீர்கள். எமது பொருள் எப்பொழுது பழையதாகிறது என்பதை அதனோடு உழைக்கும் நாமே தீர்மானிப்போம்.